ஒரு நிருபர், ஆறு வேலை: வாசகர் கேள்வி–பதில்

புதுத் தொழில்நுட்பமும் செய்தியாளர் வேலையும் பற்றிக் கேள்வி அனுப்பும்படி போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், இன்றும் வேலையில் இருக்கும் பத்திரிகையாளர்கள் எழுதியவை. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. நான் 1989-ல் நிருபராகச் சேர்ந்தேன். செய்தியறையில் 34 ஆண்டுகள், அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் இணையப் பிரிவில். அங்கே பார்த்தது, பட்டது, கற்றது இவற்றை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 47. நாளிதழில் 22 ஆண்டுகளாக சப் எடிட்டர். அச்சு, இணையம், வீடியோ மூன்றையும் ஒரே டெஸ்க் ஆக்கிவிட்டார்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் வீடியோ எடிட் செய்து ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு மவுஸைப் பிடித்தாலே கை நடுங்குகிறது. இந்த வயதில் கற்றுக்கொள்ள முடியுமா அம்மா?

பதில்: முடியும். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. இணையப் பிரிவுக்கு என்னை மாற்றியபோது எனக்கு 48 வயது. செய்தி ஏற்றும் மென்பொருளில் தலைப்பு எந்தக் கட்டத்தில், படவிளக்கம் எந்தக் கட்டத்தில் என்று முதல் வாரம் முழுக்க நோட்டில் படம் போட்டு வைத்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் 24 வயதுப் பெண் ஒருவர். நான் ஒரு வீடியோவைத் திறப்பதற்குள் அவர் மூன்றை வெட்டி ஒட்டி ஏற்றிவிடுவார்.

ஒரு நாள் அவர் வெட்டிய பைட் (பேச்சுத் துண்டு) ஒன்றைக் கேட்டேன். விபத்து பற்றி அதிகாரி ஒருவர் பேசியது. ‘குழந்தைகள் யாருக்கும் பாதிப்பில்லை’ என்பதோடு முடிந்தது. எனக்கு ஏதோ இடித்தது. வாக்கியம் முடிந்தால் குரல் இறங்கும். அவர் குரல் இறங்கவே இல்லை. முழுப் பதிவையும் போடச் சொன்னேன். அவர் சொல்லியிருந்தது: ‘குழந்தைகள் யாருக்கும் பாதிப்பில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது.’ தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. கத்தரி ஒன்றரை விநாடி முன்னால் விழுந்தால் செய்தி தலைகீழாகிவிடும். அந்தப் பெண்ணுக்கு அலட்சியம் கிடையாது. 20 விநாடிக்குள் முடிக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து வெட்டியிருந்தார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அவர் எனக்கு எடிட்டிங் மென்பொருளில் வெட்டச் சொல்லிக்கொடுப்பார். அவர் வெட்டியதை ஏற்றுவதற்கு முன்னால் நான் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். ஆறு மாதம் கழித்து நான் வெட்டினேன், அவர் கேட்டார்.

நீங்கள் 22 ஆண்டுகள் வாக்கியங்களோடு வாழ்ந்திருக்கிறீர்கள். எது முழுமை, எது அரைகுறை என்று உங்கள் காது சொல்லிவிடும். அது அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டும். அவர்கள் கைவேகம் உங்களுக்கு வேண்டும். வெட்கப்படாமல் போய் உட்காருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். முதல் மாதம் செல்பேசியில் படம் பிடிப்பது மட்டும்: லென்ஸைத் துடைப்பது, ஒவ்வொரு ஷாட்டையும் பத்து விநாடி அசையாமல் பிடிப்பது, பேசுபவருக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் இல்லாமல் பார்ப்பது. அடுத்த மாதம் ஒலி. அதற்கு அடுத்த மாதம் எடிட்டிங். ஒலியை நடுவில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஜனங்கள் பார்ப்பார்கள். பேச்சு புரியவில்லை என்றால் உடனே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

கேள்வி: நான் நிருபர். ஒரு நிகழ்ச்சிக்குப் போனால் முதலில் அலெர்ட், அப்புறம் லைவ், அப்புறம் ஒரு ரீல், இணையத்துக்கு 300 சொல், ராத்திரி அச்சுக்கு 500 சொல், வாரக்கடைசியில் அதையே பாட்காஸ்ட். கேள்வி கேட்கவே நேரமில்லை அக்கா. படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் பேச வேண்டியவர் கிளம்பிப் போயிருக்கிறார். இதை எப்படிச் சமாளிப்பது?

பதில்: வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்கள் கடிதம்தான். நீங்கள் சொல்வது உங்கள் சோம்பேறித்தனம் அல்ல, திறமைக்குறைவும் அல்ல. ஓர் ஆள் செய்யக்கூடிய வேலையைவிட அதிகமாக உங்கள் தலையில் வைத்திருக்கிறார்கள். புதுக் கருவி எதுவாக இருந்தாலும் நான் ஒன்றுதான் கேட்பேன்: செய்தி தெரிந்தவரோடு நிருபர் உட்கார்ந்து பேசும் நேரம் இதனால் கூடுகிறதா, குறைகிறதா? குறைகிறது என்றால் அதை யாராவது ஆசிரியரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். நீங்களே சொல்லுங்கள். புலம்பலாக அல்ல, கணக்காக. நேற்று ஸ்பாட்டில் மூன்று மணி நேரம் இருந்தேன், அதில் லைவுக்கு 50 நிமிடம், ரீலுக்கு 40 நிமிடம், மனிதர்களிடம் பேசியது 15 நிமிடம் என்று எழுதிக் காட்டுங்கள். நான் ஆசிரியர் நாற்காலியில் இருந்தபோது ஒரு தம்பி இப்படி எழுதி நீட்டினார். அதைப் பார்த்த பிறகு அவரை லைவுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. முக்கியமான சம்பவங்களுக்கு மட்டும் லைவ், அதுவும் இரண்டாவது ஆள் கூடப் போனால்தான் என்று மாற்றினோம்.

அதுவரை இப்படிச் செய்து பாருங்கள். ஸ்பாட்டில் இறங்கியதும் உறுதியான இரண்டு வரியை டெஸ்க்குக்கு அனுப்புங்கள். நாலு ஷாட் எடுங்கள். அப்புறம் செல்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு 40 நிமிடம் பேசுங்கள். நிகழ்ச்சி கலைந்தால் மனிதர்கள் போய்விடுவார்கள். கட்டடம் அங்கேயேதான் நிற்கும். கட்டடத்தைப் பிறகு படம் பிடிக்கலாம்.

ஆறு தளம் என்றால் ஆறு முறை ஒரே செய்தியை எழுதுவது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மருத்துவமனைத் தீ விபத்தை எடுத்துக்கொள்வோம். அலெர்ட் பூட்டிய திரையில் வருகிறது, இரண்டு வரிதான் இடம். ‘மருத்துவமனையில் தீ: 12 நோயாளிகள் மீட்பு. உயிரிழப்பு பற்றி இதுவரை தகவல் இல்லை.’ அதில் ‘பற்றி இதுவரை தகவல்’ என்ற மூன்று சொல்லை இடம் போதவில்லை என்று எடுத்தால் ‘உயிரிழப்பு இல்லை’ என்றாகிவிடும். அது நமக்குத் தெரியாத விஷயம். இடம் போதவில்லை என்றால் 12-ஐ எடுங்கள், அந்தச் சொற்களைத் தொடாதீர்கள். ரீலைப் பலர் சத்தம் இல்லாமல் பார்க்கிறார்கள். அதனால் எரிந்த ஜன்னல் முதலில், எந்த இடம் எத்தனை மணிக்கு என்பது எழுத்தில் திரையிலேயே. பாட்காஸ்ட்டில் கண்ணுக்கு வேலை இல்லை. காதுக்கு எழுதும்போது ஒரு வாக்கியத்தில் ஓர் எண்தான் தாங்கும், அடைப்புக்குறி கிடையாது, பெயருக்கு முன்னால் அவர் யார் என்று வந்துவிட வேண்டும். மறுநாள் காலை அச்சில் படிப்பவருக்குத் தீப்பிடித்தது ஏற்கெனவே தெரியும். அவருக்கு வேண்டியது, தீயணைப்புக் கருவிகள் இருந்தும் ஏன் யாரும் எடுக்கவில்லை என்பது. அந்த ஒரு விவரம் உங்கள் 40 நிமிடப் பேச்சில்தான் கிடைக்கும்.

இன்னொன்று. பதிவு செய்யும்போது செல்பேசியை ஃபிளைட் மோடில் போடுங்கள். கணவரை விபத்தில் இழந்த ஒரு பெண்ணிடம் ஒரு முறை ஒரு மணி நேரம் பேசினேன். செல்பேசி மேஜைமேல் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்ற தைரியத்தில் குறிப்பு எடுக்கவில்லை. ஏழாவது நிமிடத்தில் ஒரு அழைப்பு வந்திருக்கிறது, பதிவு அங்கேயே நின்றுவிட்டது. மறுநாள் போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன். கோபப்படவில்லை. திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். முதல் நாள் அழாத இடத்தில் அன்று அழுதார். அந்த அழுகைக்கு நான்தான் காரணம் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. அதற்கப்புறம் எந்தக் கருவி வந்தாலும் என் மடியில் நோட்டு இருந்தது.

கேள்வி: டேட்டா ஜர்னலிசம் (எண்களையும் ஆவணங்களையும் அலசிச் செய்தி எழுதுவது) செய்ய புரோகிராமிங் கற்றே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. முதலில் எக்செல். வரிசைப்படுத்துவது, வடிகட்டுவது, இரண்டு பட்டியலை ஒப்பிடுவது, சதவீதம் போடுவது. இந்த நாலையும் தயங்காமல் செய்ய வந்தால் பட்ஜெட், தேர்தல், டெண்டர் செய்திகளில் பாதி கைக்குள் வந்துவிடும். வெளிநாட்டு ரகசியக் கம்பெனிகள் பற்றிக் கசிந்து 2016-ல் வெளிவந்த பனாமா பேப்பர்ஸ் ஆவணங்கள் 1 கோடியே 15 லட்சம், 2.6 டெராபைட். அவற்றில் படமாக இருந்த பக்கங்களைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றி, பெயரைப் போட்டால் தொடர்புடைய கம்பெனிகள் வருகிற மாதிரி கட்டமைத்தவர்கள் கணினி தெரிந்தவர்கள். எந்தப் பெயரைப் போட வேண்டும், வந்ததில் எது செய்தி என்று கண்டுபிடித்தவர்கள் பல நாடுகளின் 350-க்கும் மேற்பட்ட செய்தியாளர்கள். அவர்களில் எல்லோரும் புரோகிராம் எழுதவில்லை. எழுதுபவரோடு பேசத் தெரிந்திருந்தது, அது போதும். ஆர்வம் வந்தால் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், நல்லதுதான்.

கேள்வி: எங்கள் டெஸ்க்கில் சுருக்குவதற்கும் தலைப்புக்கும் ஏ.ஐ. பயன்படுத்துகிறோம். சீனியர் ஒருவர் ‘இது திருட்டு வேலை’ என்கிறார். மேலாளர் ‘இன்னும் அதிகமாகப் பயன்படுத்துங்கள்’ என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேருமே பொதுவாகப் பேசுகிறார்கள். எந்த வேலைக்கு என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும்.

செய்தியறையில் எந்திரம் எழுதுவது 2022-ல் சாட்ஜிபிடி வந்த பிறகு தொடங்கியது அல்ல. அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் 2014-லேயே கம்பெனிகளின் காலாண்டு லாபக் கணக்குச் செய்திகளை மென்பொருளால் எழுதத் தொடங்கிவிட்டது. அதே ஆண்டு மார்ச் 17 அதிகாலை லாஸ் ஏஞ்சலிஸில் நிலம் அதிர்ந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் இணையதளத்தில் மூன்றே நிமிடத்தில் செய்தி. எழுதியது ‘குவேக்பாட்’ என்ற நிரல். நிலநடுக்கத் தகவலை எடுத்து, ஏற்கெனவே எழுதி வைத்த வாக்கியங்களில் இடம், நேரம், அளவு என்று நிரப்பிவிடும். ஆனால் அன்று அதிர்வில் விழித்துக்கொண்ட செய்தியாளர் ஒருவர் அந்த வரைவைப் படித்துவிட்டுத்தான் வெளியிட்டார்.

இதே குவேக்பாட் 2017 ஜூனில், கலிபோர்னியாவில் 6.8 அளவில் நிலநடுக்கம் என்று எழுதி, அது வெளியேயும் போய்விட்டது. அப்படி எதுவும் நடக்கவில்லை. 1925-ல் சான்டா பார்பராவில் நடந்த பழைய நிலநடுக்கத்தின் விவரத்தை ஆய்வாளர்கள் திருத்தியிருக்கிறார்கள். அப்போது கிளம்பிய தவறான அறிவிப்பில் ஆண்டு 2025 என்று இருந்தது. 2017-ல் உட்கார்ந்துகொண்டு 2025-ல் நடந்த நிலநடுக்கம் என்று படித்தால் சின்னப் பிள்ளைகூட நிமிர்ந்து பார்க்கும். நிரலுக்கு அந்த நிமிர்தல் கிடையாது. கருவி அதேதான். ஒரு நாள் நடுவில் ஆள் இருந்தார், இன்னொரு நாள் இல்லை.

இன்றைய ஏ.ஐ. இன்னும் சிக்கல், ஏனென்றால் அது சரளமாக எழுதுகிறது. சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித்தளம் ஏ.ஐ. வைத்து எழுதிய 77 கட்டுரைகளில் 41-க்கு 2023 ஜனவரியில் திருத்தம் போட வேண்டியிருந்தது. ஒரு கட்டுரையில், 10,000 டாலரை 3 சதவீத வட்டிக்குப் போட்டால் ஓராண்டில் 10,300 டாலர் ஈட்டலாம் என்று இருந்தது. ஈட்டுவது 300 டாலர்தான். வாக்கியம் அழகாக இருந்ததால் ஒருவர் கண்ணும் நிற்கவில்லை.

அதனால் என் வழக்கத்தைச் சொல்கிறேன். பேட்டிப் பதிவை எழுத்தாக்க ஏ.ஐ. பயன்படுத்துங்கள், இரண்டு மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடியும். மிச்சமான நேரத்தில் இன்னொருவருக்கு போன் போட்டுப் பேசலாம். ஆனால் மேற்கோளாகப் போடும் ஒவ்வொரு வரியையும் ஒலியோடு ஒட்டிப் பாருங்கள். தமிழில் ல, ள, ழ மூன்றையும் அது அடிக்கடி குழப்பும், ஆள் பெயர்களை நினைத்தபடி எழுதும், பேசுபவர் மௌனமாக இருந்த இடத்தில் சில சமயம் தானே ஒரு வரி சேர்க்கும். தலைப்புக்கு யோசனை கேட்கலாம். செய்தியில் ‘மோசடிப் புகார்’ என்று இருப்பது தலைப்பில் ‘மோசடி’ ஆகிவிட்டதா என்று பாருங்கள். சுருக்கும்போது முதலில் உதிர்வது ‘புகார்’, ‘எனக் கூறப்படுகிறது’, ‘அவர் மறுத்துள்ளார்’ போன்ற சொற்கள்தான். வழக்கு வருவதும் அவை இல்லாததால்தான். தகவல் கேட்டு அதை அப்படியே செய்தியில் போடாதீர்கள். நம்பிக் கொடுத்த ரகசிய ஆவணத்தை அதற்குள் போடவே கூடாது. அது எந்தக் கணினியில் போய் உட்காருகிறது என்று உங்களால் சொல்ல முடியாது.

உங்கள் சீனியரிடம் சண்டை போடாதீர்கள். ஏ.ஐ. எழுதிய முழுச் செய்திக்கு மனிதப் பெயரில் பைலைன் (எழுதியவர் பெயர் வரி) போட்டால் அவர் சொல்வதுதான் சரி.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வரும் வீடியோ உண்மையா என்று பார்க்க எனக்குப் பயிற்சி இல்லை. போட்டித் தளங்கள் போட்டுவிட்டால் டெஸ்க்கிலிருந்து திட்டு விழுகிறது. சீக்கிரமாகச் சரிபார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

ஒரு நாள் மாலை ஐந்தரை மணிக்கு எங்களுக்கு ஒரு பாலம் இடிகிற வீடியோ வந்தது. ‘இப்போது, பத்து நிமிடத்துக்கு முன்னால்’ என்று அனுப்பியவர் சொன்னார். பார்க்கப் பதறியது. எங்கள் தம்பி ஒருவர் ஏற்றுவதற்குத் தயாராக இருந்தார். நான் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு விளக்குக் கம்பம். அதன் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. மாலை ஐந்தரைக்குக் கம்பத்தைவிட நிழல் நீளமாகக் கிடக்க வேண்டாமா? அது உச்சிவெயில். அப்புறம் வீடியோவிலிருந்து மூன்று ஃபிரேமைப் படமாக எடுத்து ரிவர்ஸ் இமேஜ் தேடலில் (ஒரு படம் முன்பு எங்கே வந்தது என்று காட்டும் தேடல்) போட்டோம். மூன்றாவது படத்துக்கு விடை வந்தது: மூன்று ஆண்டுக்கு முன்னால் வேறொரு நாட்டில் நடந்தது. மொத்தம் 12 நிமிடம். அதற்குள் இரண்டு தளங்கள் போட்டுவிட்டன. எங்கள் தம்பி முகம் வாடிவிட்டது. இரவு எட்டு மணிக்கு அந்த இரண்டு தளங்களும் சத்தமில்லாமல் நீக்கின.

அனுப்பியவரிடம் முதலில் கேளுங்கள்: நீங்களே எடுத்ததா, வேறு யாரிடமிருந்தாவது வந்ததா? எடுத்தவரே என்றால் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் அவர் செல்பேசியில் இருக்கும், அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்வர்டு செய்தவரால் அதைத் தர முடியாது. வீடியோவில் பெயர்ப்பலகை, வண்டி எண், எந்தப் பக்கம் வண்டி ஓடுகிறது, மழைக்காலமா, என்ன மொழி பேசுகிறார்கள் என்று பாருங்கள். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தால், தேடலில் சிக்காமல் இருக்க யாரோ புரட்டிப் போட்டிருக்கிறார்கள். இடத்தைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுங்கள். கேமரூனில் நடந்த ஒரு படுகொலை வீடியோவை பிபிசியின் ஆப்பிரிக்கா ஐ என்ற புலனாய்வுக் குழு 2018-ல் இப்படித்தான் அவிழ்த்தது. பின்னணியில் தெரிந்த மலையின் விளிம்புக் கோட்டைக் கூகுள் எர்த்தில் தேடி இடத்தைப் பிடித்தார்கள். நடந்துபோன சிப்பாய்களின் நிழலை வைத்து எந்தக் காலகட்டம் என்று கணக்கிட்டார்கள். அந்த அளவு பொறுமை தினமும் எல்லோருக்கும் முடியாது. நிழலைப் பார்ப்பது முடியும்.

ஏ.ஐ. படமா என்று கண்டுபிடிக்க விரல் எண்ணுவது, காது பார்ப்பது எல்லாம் சீக்கிரமே பயன்படாமல் போய்விடும், அதை நம்பாதீர்கள். முதலில் வெளியிட்டது யார், அதே சம்பவத்துக்கு வேறு கோணத்தில் வேறு ஆள் எடுத்த படம் இருக்கிறதா? 2023 மே மாதம் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் அருகே வெடிவிபத்து என்று ஒரு போலிப்படம் சுற்றியபோது பங்குச்சந்தை சிறிது நேரம் சரிந்தது. அவ்வளவு பெரிய இடத்தில் வெடித்தது என்றால் நூறு செல்பேசியில் பதிவாகியிருக்க வேண்டும். சுற்றியது ஒரே படம்.

கேள்வி: நாலு பேர் சேர்ந்து ஒரு சின்னச் செய்தித்தளம் நடத்துகிறோம். ‘எல்லாம் குறும்வீடியோவுக்கு மாறிவிட்டது, எழுத்தை விட்டுவிடுங்கள்’ என்று ஆலோசனை சொல்கிறார்கள். மாறிவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். இந்த ஆலோசனையைச் செய்தியுலகம் ஏற்கெனவே ஒரு முறை கேட்டுச் சூடுபட்டுக்கொண்டது. ஃபேஸ்புக்கில் வீடியோதான் ஓடுகிறது என்று பல நிறுவனங்கள் எழுதுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வீடியோ ஆட்களை எடுத்தன. சராசரியாக ஒருவர் வீடியோ பார்க்கும் நேரத்தை மிகைப்படுத்திக் காட்டிவிட்டோம் என்று 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. மூன்று விநாடிக்கும் குறைவாகப் பார்த்தவர்களைக் கணக்கில் சேர்க்காமல் சராசரி எடுத்திருந்தார்கள். 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கு முதலிடம் என்று மாற்றினார்கள், செய்தி கீழே போனது. செய்திகளைத் தன் செயலிக்குள்ளேயே வேகமாகத் திறக்க வைத்த இன்ஸ்டன்ட் ஆர்டிகிள்ஸ் 2015-ல் வந்து 2023-ல் மூடப்பட்டது. அதே 2023-ல், செய்திக்குப் பணம் தர வேண்டும் என்ற புதுச் சட்டம் கனடாவில் வந்ததும், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அங்கே ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தியையே நிறுத்திவிட்டது. ஒரே இரவில் வாடகை வீட்டுக்குப் பூட்டுப் போட்டதுபோல் அங்கே சின்னப் பத்திரிகைகள் நின்றன.

அதற்காகக் குறும்வீடியோவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஜனங்கள் அங்கே இருக்கிறார்கள், நாமும் போகத்தான் வேண்டும். பிரஸ்ஸல்ஸுக்கும் ஆகெனுக்கும் நடுவில் தந்திக் கம்பி இல்லாத 1850-ல், பின்னாளில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தைத் தொடங்கிய ஜூலியஸ் ராய்ட்டர் புறாக்கள் மூலம் பங்குச்சந்தை விலைச் செய்தியை அனுப்பினார். கம்பி வந்து சேர்ந்ததும் புறாக்களை விட்டுவிட்டு லண்டனுக்குப் போய்த் தந்தியை வைத்து நிறுவனம் தொடங்கினார். அவருக்கு முக்கியமாக இருந்தது, சரியான விலைப்பட்டியல் மற்றவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்வது. புறாவை நம்பிக் கூண்டு கூண்டாகக் கட்டிக்கொண்டிருக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது: வாசகரின் மின்னஞ்சல் முகவரி உங்களிடம் இருக்கட்டும். உங்கள் சொந்தத் தளத்தில் எல்லாம் சேமிப்பாகட்டும். ஒரு சமூக ஊடகத்தை மட்டும் நன்றாகச் செய்யுங்கள். மீதியில் பெயரைப் பதிவு செய்துவைத்தால் போதும். நாலு பேரால் ஏழு தளத்தில் உயிரோடு இருக்க முடியாது.

கேள்வி: தகவல் தருபவரின் பெயரை நான் எங்கேயும் எழுதுவதில்லை. அது போதாதா?

பதில்: போதாது. 2012 டிசம்பரில், போலீஸ் தேடிக்கொண்டிருந்த, வைரஸ் தடுப்பு மென்பொருள் நிறுவனம் தொடங்கிய ஜான் மெக்காஃபியோடு எடுத்த படத்தை வைஸ் இதழ் தன் தளத்தில் வெளியிட்டது. எந்த இடம் என்று கட்டுரையில் இல்லை. படக் கோப்புக்குள் ஐபோன் பதிந்துவைத்த ஜி.பி.எஸ். இருந்தது. குவாதமாலாவில் இருக்கிறார் என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டது, சில நாட்களில் அங்கே கைதானார். எல்லோருடைய கண்ணும் கட்டுரையில் இருந்தது, கோப்பை யாரும் திறந்து பார்க்கவில்லை.

கேமராவில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். ஆவணம் வந்தால் அதன் கோப்பை அப்படியே ஏற்றாதீர்கள். அதில் எழுதியவர் பெயர், அச்சிட்ட நேரம் எல்லாம் இருக்கலாம். படித்து, தேவையானதை மறுபடி தட்டச்சு செய்து போடுங்கள். சிக்னல் போன்ற செயலியில் தானாக அழியும் வசதியைப் போட்டுவையுங்கள். எல்லாக் கணக்குக்கும் இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) வையுங்கள். 2013 ஏப்ரலில் அசோசியேட்டட் பிரஸ்ஸின் ட்விட்டர் கணக்கைத் திருடி, வெள்ளை மாளிகையில் குண்டுவெடிப்பு என்று ஒரு வரி போட்டதில் பங்குச்சந்தை சில நிமிடங்கள் ஆடிப்போனது. ரொம்பவும் பெரிய ஆபத்து இருந்தால், செல்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு நேரில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: நான் பத்திரிகையாளர் அல்ல, ஆசிரியை. ஒரு விபத்துச் செய்தியில் காலையில் இறந்தவர்கள் ஒன்பது பேர் என்று செல்பேசியில் படித்தேன். மாலையில் அதே இணைப்பில் ஆறு. மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. காலையில் நான் பிள்ளைகளிடம் ஒன்பது என்று சொல்லிவிட்டேன். அச்சில் தப்பு வந்தால் மறுநாள் ‘திருத்தம்’ என்று போடுவார்களே, இப்போது அது எங்கே போயிற்று?

பதில்: நீங்கள் கேட்டது நியாயம். விபத்தின் முதல் மணிநேரங்களில் எண்ணிக்கை மாறுவது இயல்பு. ஒருவரையே சம்பவ இடத்திலும் மருத்துவமனையிலும் இரண்டு முறை எண்ணிவிடுவார்கள். அதற்காக வருத்தப்படலாமே தவிர வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டியது, சொல்லாமல் மாற்றியதற்கு. ‘முதலில் ஒன்பது என்று வெளியிட்டோம், காவல்துறை உறுதிசெய்த பிறகு ஆறு என்று திருத்தப்பட்டது, நேரம் பிற்பகல் 2.40’ என்று செய்திக்குக் கீழே ஒரு வரி போட இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு வழக்குச் செய்தியில் குற்றம்சாட்டப்பட்டவர் என்று, அதே பெயருள்ள வேறொருவரின் படத்தை நாங்கள் போட்டுவிட்டோம். அவர் மகள் போன் செய்தார். ஐந்து நிமிடத்தில் இணையத்தில் படத்தை மாற்றினோம், திருத்தமும் போட்டோம், மன்னிப்பும் கேட்டோம். முடிந்தது என்று நினைத்தேன். பதினோரு நாள் கழித்து அவரே மறுபடி அழைத்தார். அப்பாவின் படம் போட்ட எங்கள் செய்தி கார்டு (படமும் ஓரிரு வரியும் உள்ள அட்டை) உறவுக்காரர்களின் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது என்றார். எங்கள் வாட்ஸ்அப் சேனலில் போட்ட அந்தக் கார்டை நாங்கள் நீக்கவே இல்லை. ரீலிலும் அவர் படம் இருந்தது. அதை எடுத்தவர் அன்று விடுப்பு, அவருக்கு யாரும் சொல்லவில்லை. செய்தி ஆறு இடத்துக்குப் போயிருக்கிறது, திருத்தம் ஓர் இடத்துக்கு மட்டும் போயிருக்கிறது.

அன்று மாலை ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். என்ன தப்பு, எப்போது தெரிந்தது, இணையம், அலெர்ட், ரீல், கார்டு, பாட்காஸ்ட், அச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், திருத்தியவர் கையெழுத்து. நீக்கினால் மட்டும் போதாது. தப்பான கார்டு போன அதே சேனலில் சரியான கார்டும் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். கடைசிக் கட்டத்தில் ‘சம்பந்தப்பட்டவரிடம் சொன்னோமா?’ என்று எழுதினேன். அந்த நோட்டின் முதல் வரி அந்த மகளின் அழைப்பு. கடைசிக் கட்டத்தை நிரப்ப நானே அவர் வீட்டுக்குப் போனேன். அப்பா வெளியே வரவில்லை. மகள் வாசலில் நின்றபடி என் செல்பேசியை வாங்கி, எங்கள் சேனலை மேலிருந்து கீழ்வரை தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, ‘சரி’ என்று திருப்பிக் கொடுத்தார்.